விதைக்கு உயிர் உண்டா?

ஒருநாள் மறைக்கல்வி வகுப்பில் யோவான் நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தை வாசித்தோம். கோதுமை மணி நிலத்தில் விழுந்து மடிந்தால்தான் பலன் தரும் என்று இயேசு பெருமான் அங்கே கூறுகிறார். அடுத்த பாடவேளை உயிரியல். உயிர் உயிரிலிருந்தே தோன்றும், உயிரற்ற பொருளிலிருந்து தானாகத் தோன்றாது என்று 19-ஆம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர் நிலைநாட்டிய உண்மைதான் அன்றைய பாடம். உடனே எங்கள் தோழி ஒருத்தி எழுந்து, "சிஸ்டர், மடிந்த விதை முளைக்காது என்றால் நற்செய்தி தவறா, பாடநூல் தவறா?" என்று கேட்டுவிட்டாள்.

வகுப்பே அமைதியாயிற்று. சிஸ்டர் கோபிக்கவில்லை. "விதைக்கு உயிர் உண்டா, இல்லையா? முதலில் அதைக் கண்டறியுங்கள். பிறகு பேசுவோம்" என்றார்கள். கைதூக்கச் சொன்னபோது எங்களில் பாதிக்கு மேற்பட்டோர் "உயிர் இல்லை" என்ற பக்கமே நின்றோம்.

அதற்குக் காரணமும் இருந்தது. உயிருள்ளவை உண்ணும், சுவாசிக்கும், வளரும், கழிவை நீக்கும், தூண்டினால் உணரும், தம் இனத்தைப் பெருக்கும் என்று படித்திருக்கிறோம். டப்பாவில் கிடக்கும் மொச்சை இவற்றில் எதைச் செய்கிறது? கூழாங்கல்லைப் போலச் சும்மா கிடக்கிறதே!

சோதனையைத் தொடங்கினோம். பத்து மொச்சைகளை அரைமணி நேரம் வேகவைத்தோம். வேறு பத்தை அப்படியே எடுத்துக்கொண்டோம். இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஈரப் பஞ்சின் மேல் தனித்தனியே வைத்தோம். மறுநாள் இரண்டுமே ஊறிப் பருத்திருந்தன. "வெந்ததும் வளர்கிறதே!" என்றனர் சிலர். ஆனால் மழைக்காலத்தில் மரக்கதவும் நீரை உறிஞ்சி உப்புகிறது. அதை வளர்ச்சி என்போமா? கற்கண்டும் பெரிதாகிறது, ஆனால் வெளியே சர்க்கரை படிவதால்தான் அப்படிப் பெரிதாகிறது. உயிருள்ளதோ உணவைத் தன்மயமாக்கி உள்ளிருந்து வளர்கிறது.

மூன்றாம் நாள் உண்மை விளங்கியது. வேகாத விதைகளில் ஒன்பது முளைவேர் விட்டிருந்தன. வெந்தவற்றில் ஒன்றும் முளைக்கவில்லை. நாற்றம் வீசத் தொடங்கிற்று. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் அவற்றை உணவாக்கிக் கொண்டன. முளைவிட்ட விதை ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி வைத்தோம். அதன் வேர் வளைந்து மீண்டும் கீழ்நோக்கியே சென்றது. தரை எந்தப் பக்கம் என்பதை அது உணர்ந்திருந்தது!

அடுத்து, முளைவிடும் விதைகளை ஒரு புட்டியிலிட்டு, உள்ளே சிறு குழாயில் சுண்ணாம்புத் தெளிநீரை வைத்து இறுக மூடினோம். மறுநாள் தெளிநீர் பால்போல் வெளுத்திருந்தது. விதைகள் பிராணவாயுவை எடுத்துக் கரியமில வாயுவை வெளிவிட்டிருந்தன. நம்மைப் போலவே அவையும் சுவாசிக்கின்றன!

அப்படியானால் வெந்த விதை எதை இழந்தது? மாவு இருக்கிறது, புரதம் இருக்கிறது, நீர் இருக்கிறது. ஆனால் சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு இறுகுவதுபோல் செல்களிலுள்ள புரதங்களும் இறுகிவிட்டன. நொதிகள் செயலிழந்தன, செல்லின் ஒழுங்கு குலைந்தது. பொருள்கள் மட்டும் உயிராகா. அவை ஒழுங்குற அமைந்து இயங்குவதே உயிர். 1665-இல் இராபர்ட் ஹூக் தக்கையில் கண்டு 'செல்' எனப் பெயரிட்டவையும் வெறும் அறைகளே. அவற்றில் குடியிருந்த உயிர் முன்பே போய்விட்டது.

இதை ஆய்வுக்கூடம் காணாத நம் பாட்டிமாரும் அறிவர். புழுங்கல் அரிசிக்காக அவித்த நெல்லை எந்த விவசாயியும் விதைப்பதில்லை. விதைநெல்லைக் காயவைத்து, பூச்சி அண்டாமல் தனியே காப்பார்கள். காய்ந்த விதையின் எடையில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு அளவே நீர் இருக்கும். அந்நிலையில் அதன் சுவாசம் மிக மெதுவாகவே நடைபெறுகிறது. விதை சாகவில்லை, உறங்குகிறது.

இவ்வுறக்கம் எத்தனை காலம் நீடிக்கும்? பல விதைகளுக்குச் சில ஆண்டுகளே. ஆனால் வியப்பான ஒரு சான்று உண்டு. சாக்கடல் அருகே மசாதா கோட்டையில் 1960-களில் அகழ்ந்தெடுத்த பேரீச்ச விதைகளில் மூன்றை 2005-இல் இஸ்ரயேலில் நட்டனர். ஒன்று முளைத்தது! அதன் வயது ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் என்று கார்பன் கணிப்பு காட்டியது. அதாவது, ஏறக்குறைய நம் ஆண்டவர் அந்நாட்டில் நடமாடிய காலத்து விதை அது. விவிலியத்தின் நெடுநாள் வாழ்ந்த மனிதரான மெத்துசேலாவின் பெயரையே அம்மரத்திற்கு இட்டனர். அது ஆண் மரம். அதன் மகரந்தத்தால், அவ்வாறே பழம்விதையிலிருந்து வளர்ந்த 'அன்னா' என்னும் பெண் மரம் 2020-இல் பழம் தந்தது.

ஆக, விதைக்கு உயிர் உண்டு. அப்படியானால் எங்கள் தோழியின் கேள்வி? முளைத்த மொச்சையைப் பத்து நாள் கவனிக்கும்படி சிஸ்டர் சொன்னார்கள். முளை உயர உயர, பருத்த இரு விதையிலைகளும் நாளுக்கு நாள் சுருங்கின. சேர்த்து வைத்த உணவையெல்லாம் முளைக்குக் கொடுத்துவிட்டு இறுதியில் வாடி உதிர்ந்தன. புட்டியில் மொச்சை என்று காட்ட ஒன்றுமில்லை, செடிதான் இருந்தது.

"கோதுமை மணியும் இப்படித்தான். அதன் கரு சாவதில்லை; மணியாக இருந்த நிலைதான் முடிந்துபோகிறது. ஆண்டவர் தாவரவியல் பாடம் நடத்தவில்லை. உழவர்கள் கண்ணால் கண்டதைச் சொல்லி, தம்மையே கையளிப்பதைப் பற்றிப் பேசினார்" என்றார்கள் சிஸ்டர். தோழி தலையசைத்து உட்கார்ந்தாள். அன்று உயிர் இல்லை என்று கைதூக்கியவர்களும் நற்செய்திக்கும் பாடநூலுக்கும் பகையில்லை எனக் கண்டோம்.

அச்செடிகளை விடுதி வேலியோரம் நட்டோம். அவை கொடியாய்ப் படர்ந்து, பூத்துக் காய்த்தன. ஒவ்வொரு காயிலும் நான்கைந்து விதைகள். குழம்புக்குப் போனவை போக, ஒரு கைப்பிடியை உலர்த்திப் புட்டியில் வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு இவ்வகுப்புக்கு வரும் தங்கையரே, அவை உங்களுக்காக உறங்குகின்றன!