பெடல் ஸ்டீல் கிட்டாருக்குக் கோட்டுவாத்தியத்தின் வழி

பத்துத் தந்திகள், அவற்றின்மேல் வழுக்கி ஓடும் ஓர் எஃகு உருளை, இடக்காலுக்கு மூன்று பெடல்கள், முழங்கால்களால் தள்ளுவதற்கு நான்கைந்து நெம்புகோல்கள், வலக்காலுக்கு ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தனிப் பெடல் ஒன்று என்று, மனித உடம்பின் எந்த அவயவத்தையும் சும்மா இருக்கவிடாத இந்த வாத்தியத்தை முதன்முதலாகக் காண்பவன், இதைக் கற்பது நம்மால் ஆகுமா என்று மலைத்துப்போவது இயல்பே. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துப் பாட்டுகளில் அழுகைக்கும் ஆறுதலுக்கும் நடுவே மிதந்து வரும் அந்த நாதத்தைக் கைப்பேசியில் கேட்டு மனத்தைப் பறிகொடுத்து, ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பியதும் அதையே மீண்டும் மீண்டும் தேடிக் கேட்கும் இளைஞன் ஒருவன் இருப்பானேயானால், அவனிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: பெடல்கள் பின்னால் வந்தவை, இந்த வாத்தியத்தின் பிராணன் உருளையில் இருக்கிறது, உருளையை ஆளும் வித்தையோ தமிழ்நாட்டுக்குச் சொந்தமான வித்தை.

மெட்டுகளே இல்லாத நீண்ட தண்டியின்மேல், வழுவழுப்பான கட்டை ஒன்றை இடக்கையால் நகர்த்தி, காயகன் குரலில் எழும் குழைவுகளையெல்லாம் தந்தியில் எழுப்பும் கோட்டுவாத்தியத்தை, இக்காலத்தில் சித்திரவீணை என்று வழங்குகிறோம். அதற்குச் சபைகளில் கௌரவம் தேடித் தந்த திருவிடைமருதூர் சகாராம ராவ் எப்பேர்ப்பட்ட நாதஞானி என்பதற்கு, செம்மங்குடி சீனிவாச ஐயர் இளம் பிராயத்தில் அவரிடம் சிட்சை பெற்றார் என்ற ஒரு செய்தியே போதுமானது. பாடப் பிறந்தவர் ஒருவர் உருளை வாத்தியக்காரரை நாடிச் சென்று சங்கீதம் பயின்றார் என்றால், அந்த வாத்தியம் குரலுக்கு எவ்வளவு அணுக்கமானது என்பதை நாமே ஊகிக்கலாம். அவருக்குப் பின் மைசூர் சமஸ்தானத்து வித்துவானாக விளங்கிய நாராயண ஐயங்காரும், கலாக்ஷேத்திரத்தில் போதித்த பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் அந்தப் பரம்பரையை வளர்த்தார்கள்.

கடல் கடந்த ஹவாய்த் தீவுகளில், லாயியே என்னும் ஊரைச் சேர்ந்த ஜோசப் கெகுகு என்ற மாணவன் 1880களின் பிற்பகுதியில் கிட்டாரின் தந்திகள்மேல் உலோகத் துண்டை வைத்து நகர்த்திப் பார்த்ததிலிருந்து ஸ்டீல் கிட்டார் தோன்றியதாகச் சொல்வார்கள். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரும் பொருட்காட்சி அதை அமெரிக்கா முழுவதும் பரப்பிற்று. டாவ் மோ என்னும் ஹவாய்க் கலைஞர் 1940களில் கல்கத்தாவில் குடும்பத்துடன் தங்கி வாசித்ததும், பிரிஜ் பூஷண் காப்ரா அதே கிட்டாரில் ஹிந்துஸ்தானி ராகங்களை விஸ்தாரம் செய்ததும், அவ்வகை வாத்தியத்தைத் தம் கையால் மாற்றி அமைத்து மோகன வீணை என்று பெயரிட்ட விஸ்வ மோகன் பட் 1994இல் கிராமி விருது பெற்றதும் நம் நாட்டுச் சரித்திரத்தில் சேர்ந்தவை. இவர்களில் எவருக்கும் பெடல் தேவைப்படவில்லை.

பெடல் எதற்காக வந்தது? ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரத்தை மட்டும் வாசிப்பவனுக்கு உருளை ஒன்றே போதும். மேனாட்டுச் சங்கீதத்திலோ மூன்று நான்கு ஸ்வரங்கள் ஒருங்கே ஒலிக்க வேண்டும். நேரான உருளையோ எல்லாத் தந்திகளையும் ஒரே அளவில்தான் ஏற்றி இறக்கும். ஒரு தந்தி அசையாதிருக்க மற்றொன்று மட்டும் ஏற வேண்டுமானால், அந்த ஒன்றைத் தனியே இறுக்குவதற்கு ஓர் உபாயம் வேண்டும். பெடலை மிதித்தால் குறுக்குத் தண்டு ஒன்று திரும்பி, அதோடு பிணைத்த இழுகம்பி, தந்தி ஏறி அமர்ந்திருக்கும் சிறு உலோகப் பல்லைச் சாய்க்க, தந்தி இறுகுகிறது. காலை எடுத்ததும் பழைய சுருதிக்குத் திரும்பிவிடுகிறது. மோட்டார் சைக்கிளின் பின்பிரேக் வேலை செய்யும் விதம் அறிந்தவனுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. வாசிப்பின் நடுவிலேயே, தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, பெடலை மிதித்து ஸ்வரத்தை வளைத்துக் காட்டிய பட் ஐசக்ஸின் வாசிப்பு, 1954இல் புகழ்பெற்ற, பாடகர் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டில் ஒலித்தபோது, அதுவரை பெடலில்லாமல் வாசித்தவர்கள் பலர் தங்கள் வாத்தியத்தை மாற்றத் தொடங்கினார்கள். ஐசக்ஸின் ஒரே பெடல் செய்த காரியத்தை இரண்டு பெடல்களுக்குப் பிரித்துக் கொடுத்த பட்டி எம்மன்ஸின் ஏற்பாடே இன்றளவும் நிலைத்திருக்கிறது.

இன்று பெரும்பாலோர் பயிலும் ‘ஈ நைன்த்’ என்ற சுருதி அமைப்பை நம் ஸ்வரங்களில் சொன்னால் அதன் அழகு விளங்கும். மூன்று, நான்கு, ஐந்தாம் தந்திகள் முறையே அந்தர காந்தாரம், சட்ஜம், பஞ்சமம். முதற்பெடலை மிதித்தால் பஞ்சமம் சதுச்ருதி தைவதத்துக்கு ஏறும். இரண்டாவதை மிதித்தால் காந்தாரம் சுத்த மத்தியமத்துக்கு ஏறும். இரண்டையும் சேர்த்து மிதிக்கும்போது, சட்ஜம் அசையாமல் நிற்க, ச க ப என்ற கூட்டம் ச ம த என்று மலர்கிறது. உள்ளத்தை உருக்கும் அந்தப் பிரசித்தமான நாதத்தில் பெரும்பகுதி இந்த ஏற்றத்தில்தான் இருக்கிறது. காந்தாரத்திலிருந்து மத்தியமத்துக்கு ஏறும் ஜாருவைப் பாட்டு வகுப்பில் கேட்டு வளர்ந்த செவிக்கு இது அந்நியமாகவே படாது.

ஆகவே ஆரம்பப் பயிற்சிக்குப் பெடல் வாத்தியம் தேவையில்லை. ஒரு சாதாரண கிட்டார் போதும். தலைப்பக்கம் தந்திகள் தங்கும் இடத்தில் உயரமான உலோக நட்டு ஒன்றைப் பொருத்தி, உருளை மெட்டுகளில் உரசாதபடி தந்திகளை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி, கிட்டாரை மடியில் படுக்க வைத்துக்கொள்ள வேண்டும். தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை ச ப ச க ப ச என்று, அதாவது டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று கூட்டினால், வழக்கமான சுருதியிலிருந்து நான்கு தந்திகள் தளர்வதல்லாமல் ஒன்றும் இறுகாதாகையால், அறுந்துபோகும் பயமில்லை. உருளைக்கு லேத் பட்டறை நிறைந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தைவிடச் சௌகரியமான இடம் எது? இருபத்திரண்டு மில்லிமீட்டர் குறுக்களவும் எட்டு சென்டிமீட்டர் நீளமும் உள்ள துருப்பிடிக்காத எஃகுத் தண்டு ஏறக்குறைய 240 கிராம் எடை இருக்கும். ஒரு முனையைக் குண்டு வடிவாகக் கடைந்து, மறுமுனையில் கட்டைவிரல் அமரச் சிறு பள்ளம் எடுத்து, முகம் தெரியும்படி பாலீஷ் செய்தால் முறையான உருளை தயார். பாலீஷில் சோம்பல் கூடாது. கண்ணுக்குப் புலப்படாத கீறலும் தந்தியில் கரகரப்பாகக் கேட்கும்.

இனி ஸ்வரஸ்தானம். தந்தி ஒலிக்கும் நீளம் 65 சென்டிமீட்டரானால், நட்டிலிருந்து கால் பங்கு தொலைவில் மத்தியமமும், மூன்றில் ஒரு பங்கில் பஞ்சமமும், பாதியில் மேல் சட்ஜமும் இருக்கின்றன. அவை ஏறக்குறைய ஐந்தாம், ஏழாம், பன்னிரண்டாம் மெட்டுகளின் நேர்மேலே. இங்கே உருளையை வைக்க வேண்டியது மெட்டுக்கு நேராகவே; சாதாரண கிட்டாரில் விரலை மெட்டுகளின் இடையில் பதிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை மறப்பது உண்டு. அந்தர காந்தாரத்தில்தான் நுட்பம். நான்காம் மெட்டு 13.4 சென்டிமீட்டரில் நிற்க, தம்பூராவில் தானாகவே கேட்கும் அந்தச் சுயம்பு காந்தாரமோ ஐந்தில் ஒரு பங்கான 13 சென்டிமீட்டரில் வாசம் செய்கிறது. நான்கு மில்லிமீட்டர் பின்னுக்கு உருளையைக் கொண்டுபோனதும் ஸ்வரம் சுருதியோடு ஒன்றிப்போவதைக் கேட்பவன், பெடல் ஸ்டீல் வித்துவான்கள் காந்தாரத் தந்தியைச் சற்றுத் தாழ்த்தியே கூட்டிக்கொள்வதன் காரணத்தை எந்த ஆசிரியரும் சொல்லாமலே அறிந்துகொள்வான். வெர்னியரில் அளந்து பழகிய கைக்கு நான்கு மில்லிமீட்டர் பெரிய தூரம். அதைச் செவியால் அளக்கப் பழகுவதே சாதகம். சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு, ஒற்றைத் தந்தியில் சரளி வரிசையை விளம்ப காலத்தில் வாசித்தல் வேண்டும். உருளையை அசைத்து நாதத்தை நடுங்கச் செய்யும் ஆசையை, ஸ்வரம் அசைவின்றி நிற்கும் வரையில் தள்ளிப்போடுவது நல்லது, ஏனெனில் நடுக்கம் பிழையை மறைத்துவிடும்.

கைகளைப் பற்றி இரண்டொரு வார்த்தை. உருளைக்குப் பின்னால் இடக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் தந்திகளைத் தொட்டுக் கிடக்க வேண்டும். இல்லாவிடில் உருளைக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள பகுதி வேண்டாத ஒலி எழுப்பும். வலக்கையில் கட்டைவிரலுக்குப் பிளாஸ்டிக் பிக்கும், ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உலோகப் பிக்குகளும் அணிந்து மீட்டி, அடுத்த ஸ்வரத்துக்குப் போகுமுன் உள்ளங்கையின் ஓரத்தால் முந்தைய ஒலியை அடக்க வேண்டும். மீட்டுவதற்கு நிகராக அடக்குவதையும் பயிலாதவன் வாசிப்பு, எவ்வளவு ஞானம் இருந்தாலும், கலங்கிய நீராகவே கேட்கும்.

இவ்வளவும் கைவந்தபின் பெடல் வாத்தியத்தை வாங்க எண்ணலாம். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வரவழைக்க வேண்டியதாகையால், மூன்று பெடலும் நான்கு முழங்கால் நெம்புகோலும் உள்ளதாகவே தேடுவது புத்திசாலித்தனம். ஒரே நெம்புகோல் உள்ள மலிவான மாதிரிகளின் எல்லையை மாணவன் சீக்கிரமே எட்டிவிடுவான். மூன்றாம் தந்தி மிக மெல்லியது, அடிக்கடி அறுவது. அதில் மட்டும் உபரியாகப் பல வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் நெம்புகோல்களைத் தொடாமல், ஏதேனும் ஒரு மெட்டில் உருளையை நிறுத்தி, முதலிரண்டு பெடல்களை மட்டும் நிதானமாக மிதித்தும் விட்டும், ச க ப என்பது ச ம த என்று மாறும்போது இரு ஸ்வரங்களும் ஒரே கணத்தில் போய்ச் சேர்கின்றனவா என்று கேட்டுப் பழகட்டும். அது அமைந்தபின் முதல் நெம்புகோலாக, சட்ஜத்தைக் காகலி நிஷாதத்துக்கு இறக்குவதை எடுத்துக்கொள்ளலாம்.