முப்பது வருடம், பத்தொன்பது மாதம்

கொல்லிமலை திருப்புலி நாட்டில் இருக்கும் என் அத்தை வீட்டில் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் யாரும் சோறு கேட்கக் கூடாது. 2022லும் 23லும் அதுதான் சட்டம். சன் டிவியில் 'எதிர்நீச்சல்' ஓடும். மழை பிடித்தால் டிஷ் சிக்னல் போய்விடும் (அந்த அலைவரிசையை மழை விழுங்கிவிடும், எந்த கம்பெனி டிஷ்ஷாக இருந்தாலும்). அப்போது திட்டு எனக்கு. "ஏம்பா, கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, சரி பண்ணேன்." மழை விட்டதும் மிச்சத் திட்டெல்லாம் ஆதி குணசேகரனுக்குப் போகும்.

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. அந்த குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து இறந்துபோனார். நான் போன் பண்ணினபோது அத்தைக்குக் குரலே வரவில்லை. "நம்ம வீட்டு ஆளு போன மாதிரி இருக்குப்பா." தினமும் நாசமாப் போக என்று திட்டின ஆளுக்காக ஏன் இப்படி அழ வேண்டும்? அந்தக் கேள்வியில் ஆரம்பித்ததுதான் இந்தக் குறிப்பு.

மாரிமுத்து தேனி மாவட்டம் வருசநாடு பக்கம் பசுமலைத்தேரிக்காரர். டைரக்டர் ஆகும் ஆசையில் 1990 வாக்கில் சென்னைக்கு வந்து, முதலில் ஓட்டலில் வேலை பார்த்தார். அப்புறம் வைரமுத்துவிடம் உதவியாளர். பிறகு ராஜ்கிரண், வசந்த், எஸ்.ஜே. சூர்யா என்று பலரிடம் உதவி இயக்குநர். 'கண்ணும் கண்ணும்' என்ற முதல் படத்தை இயக்கியது 2008ல். கிட்டத்தட்ட பதினெட்டு வருடம் காத்திருந்து எடுத்த படம். பார்த்தவர்கள் நல்ல படம் என்றார்கள், பார்த்தவர்கள் கம்மி. அடுத்தது 'புலிவால்', 2014. அதோடு இயக்கம் முடிந்தது.

நடிப்பு குறுக்கே வந்த வேலை. மிஷ்கின் 2011ல் 'யுத்தம் செய்' படத்தில் போலீஸ் வேடம் கொடுத்தார். அதிலிருந்து போலீஸ், அப்பா, ஊர்ப் பெரியவர் என்று வரிசையாக வந்தன. அதில் எனக்குப் பிடித்தது 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் ஜோவின் அப்பா. சாதியை விடவும் முடியாமல், மகளைக் கைவிடவும் முடியாமல், தலை நிமிராமல் நிற்கும் மனிதர். கடைசிக் காட்சியில் டீக்கடை வாசலில் பரியனிடம் அவர் பேசுவதை இன்னொரு தடவை பாருங்கள். அவ்வளவு நல்லா நடித்த பிறகும் தெருவில் போகிறவர்களுக்கு அவர் பேர் தெரியாது. "அந்தப் படத்துல அப்பாவா வருவாரே" என்றுதான் சொல்வார்கள்.

2022 பிப்ரவரியில் 'எதிர்நீச்சல்' தொடங்கியது. இயக்கம் திருச்செல்வம், 'கோலங்கள்' எடுத்தவர். கதை சிம்பிள்: மதுரையில் ஒரு கூட்டுக் குடும்பம், நாலு அண்ணன் தம்பி, படித்த பெண்களாகப் பார்த்து மருமகளாகக் கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்துவார்கள். மூத்தவர் குணசேகரன்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு, என் உத்தேசம்தான். தொடக்கத்திலிருந்து அவர் இறந்த நாள் வரை பத்தொன்பது மாதம். வாரம் ஆறு நாள் என்றால் சுமார் 490 எபிசோட். விளம்பரம் போக எபிசோடுக்கு இருபது நிமிஷம் வைத்தால் 160 மணி நேரத்துக்கு மேல். அதில் கால்வாசி நேரம் குணசேகரன் இருந்தாலே நாற்பது மணி நேரம். சினிமாவில் குணச்சித்திர நடிகருக்குப் படத்துக்குப் பத்து நிமிஷம் கிடைத்தால் பெரிசு. நாற்பது மணி நேரத்துக்கு 240 படம் வேண்டும்! அந்தப் பத்து நிமிஷத்துக்கும் நாம் தியேட்டருக்குப் போகணும். இவரோ சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கே வந்தார்.

ஆனால் நேரம் மட்டும் காரணம் இல்லை. நேரம் கிடைத்தும் முகம் மறந்துபோன சீரியல் வில்லன்கள் எத்தனையோ பேர். மாரிமுத்து கத்தவில்லை. சாவகாசமாகப் பேசினார். 'ஏய், இந்தாம்மா' என்ற அந்த ரெண்டு வார்த்தையைத்தான் மீம் போட்டுத் தள்ளினார்கள். அதைக் கொஞ்சம் உற்றுக் கேட்டால், எதிரில் நிற்கும் பெண்ணுக்குப் பேரே இல்லை. பட்டம் வாங்கின மருமகள் அந்த வாயில் வெறும் 'இந்தாம்மா'. இத்தனைக்கும் அந்தத் தொடருக்கு வசனம் எழுதியவர் ஸ்ரீவித்யா என்ற பெண்மணி. வீட்டு ஆம்பளைகள் எப்படிப் பேசுவார்கள் என்று கேட்டு வளர்ந்த காது அது என்று நினைக்கிறேன். அத்தை திட்டினது குணசேகரனை மட்டும்தானா என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. மாமா எதிரில்தான் உட்கார்ந்திருப்பார், ஒண்ணும் பேச மாட்டார்.

நிஜ மாரிமுத்து நேர் எதிர். நிறையப் படித்தவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 2023ல் ஒரு டிவி விவாதத்தில் ஜோசியத்தை எதிர்த்துப் பேசி, அது வேறு பெரிய சண்டையானது. அந்த ஆகஸ்ட் 10ல் 'ஜெயிலர்' வந்தது, ரஜினி படத்தில் வில்லன் கோஷ்டியில் ஒருத்தர். தியேட்டரில் அவர் தலை தெரிந்ததும் எங்கள் வரிசையில் ஒரு அம்மா, "ஐயோ, குணசேகரன்!" என்றார். முப்பது வருடத்துக்கு அப்புறம் சினிமாவுக்குள்ளேயே சீரியல் பேர்தான் முன்னால் வந்தது.

சுமார் நாலு வாரம் கழித்து, 'எதிர்நீச்சல்' டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி. மாரடைப்பில் போய்விட்டார். சீரியலில் ஷூட்டிங் முடிந்தாலும் வேலை முடியாது, அடுத்தடுத்து ஒளிபரப்பாக வேண்டிய எபிசோடுகளுக்கு டப்பிங் அறையில் நின்று அதே கோபத்தை மறுபடி பேச வேண்டும். உடல் சோர்ந்த காலையிலும் பேச வேண்டும்.

தினத்தொடர் யாருக்காகவும் நிற்காது. 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டுவிட்டுக் கதை நகரும், நாமும் பழகிவிட்டோம். எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி குணசேகரனாக வந்தார். 'குற்றப் பரம்பரை' எழுதியவர், 'மதயானைக் கூட்டம்', 'கிடாரி' படங்களில் மிரட்டியவர். திறமையில் குறையே இல்லை. அவருக்குக் கிடைத்ததோ இன்னொருத்தர் குரல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த நாற்காலி. அத்தை மூன்று நாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவரு குணசேகரனோட அண்ணன் மாதிரி இருக்காரு."

தொடர் 2024 ஜூனில் முடிந்தது. டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' ஆரம்பித்ததும் அத்தை அதையும் விடவில்லை, ஆனால் திட்டு குறைந்துவிட்டது. போன தடவை போனபோது பழைய எபிசோடுகளை போனில் போட்டுத் தரச் சொன்னார். அந்த வீட்டில் நெட் ஒழுங்காகக் கிடைப்பது மிளகுக் கொடி ஏறின சில்வர் ஓக் மரத்தடியில்தான். ரெண்டு பேரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தோம்.