டைம்லைன் ஏன் திக்குகிறது தெரியுமா?

4கே வீடியோவின் ஒரே ஒரு ஃப்ரேமில் எத்தனை புள்ளிகள் தெரியுமா? 82,94,400! இதுபோல நொடிக்கு 25 ஃப்ரேம். சுருக்காமல் அப்படியே எழுதினால் நொடிக்கு 622 எம்பி, நிமிடத்துக்கு 37 ஜிபி! கல்யாண வீடியோ என்றால், முகூர்த்தம் முடிவதற்குள் ஊரில் உள்ள மெமரி கார்டெல்லாம் தீர்ந்துபோகும். ஆனால் உங்கள் கேமரா நொடிக்கு 12.5 எம்பியில், அதாவது 100 மெகாபிட்டில், வேலையை முடித்துவிடுகிறதே, எப்படி?

கூத்தே அங்கேதான். கேமரா எல்லா ஃப்ரேமையும் முழுசாக எழுதுவதே இல்லை! ஒன்றை முழுசாக எழுதும். அடுத்து வருகிறவற்றில் எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொள்ளும். ஐயர் அசையவில்லை, வாழைமரம் அசையவில்லை, தாலி பிடித்த கை மட்டும் நகர்ந்தது என்கிற மாதிரி. எடிட்டிங் டைம்லைனில் நீங்கள் மூன்றாவது முடிச்சைத் தேடி மவுஸைப் பின்னுக்கு இழுக்கிறீர்கள். அந்த ஃப்ரேம் அங்கே முழுசாக இல்லவே இல்லை! கம்ப்யூட்டர் முந்தைய முழு ஃப்ரேமுக்கு ஓடி, அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்து காட்டுகிறது. இன்னும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் மறுபடியும் அதே ஓட்டம். டைம்லைன் திக்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். "ரேம் பத்தலை சார்" என்பது கடைக்காரரின் பொதுவான பதில்.

இந்தக் கணக்குக்கென்றே சிப்புக்குள் டிகோடர் என்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள், தெரியுமா? அது எல்லாச் சிப்பிலும் எல்லா ஃபைலையும் படிக்காது என்பது தெரியுமா? சோனி ஏ7எஸ் 3 போன்ற கேமராக்கள் தரும் எச்.265, 4:2:2, 10 பிட் ஃபைலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் 1,599 டாலருக்கு வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டின் டிகோடருக்கு அதைப் படிக்கத் தெரியாது! 11-ஆம் தலைமுறை இன்டெல் ப்ராசசரோடு கூடவே வருகிற சாதாரண கிராஃபிக்ஸுக்குத் தெரியும்! என்விடியா 2025-இல், 50 வரிசையில்தான் இதைக் கொண்டுவந்தது. ஆப்பிள் எம்1-இல் 2020-லேயே இருந்தது. ஆகவே கேமரா எந்த வகை ஃபைல் எழுதுகிறது என்று பார்க்காமல் கம்ப்யூட்டர் விலை விசாரிப்பது வீண் வேலை.

இன்னொரு கண்ணியும் உண்டு. ஐ5-12400, ஐ5-12400எஃப் இரண்டுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த 'எஃப்' இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, டிகோடரும் போச்சு! கேம் ஆடுகிறவருக்கு அது மிச்சம், உங்களுக்கு நஷ்டம்.

லேப்டாப்பா? ஆர்டிஎக்ஸ் 4060 என்று ஒட்டியிருக்கும் இரண்டு லேப்டாப்பில் ஒன்று 35 வாட்டிலும் இன்னொன்று 115 வாட்டிலும் ஓடலாம். ஸ்டிக்கர் மட்டும் ஒன்றே!

அடுத்து திரை. 8 பிட்டில் 1.67 கோடி நிறங்கள், 10 பிட்டில் 107 கோடி! ஆனால் மலிவு லேப்டாப் திரைகள் பலவற்றில் '45% என்டிஎஸ்சி' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வீடியோவுக்கு வேண்டிய நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அந்தத் திரை காட்டவே காட்டாது. அதில் பார்த்து அரக்குப் புடவைக்கு நிறம் ஏற்றினால், பெண் வீட்டு டிவியில் அது எந்த நிறமாக வருமோ!

மலிவான க்யூஎல்சி எஸ்எஸ்டிகளின் கதையும் கேளுங்கள். பெட்டியில் நொடிக்கு ஆயிரக்கணக்கான எம்பி என்றிருக்கும். இரண்டு கேமரா கார்டுகளை ஒரே மூச்சில் காப்பி போட்டால், முன்னால் இருக்கும் வேகமான பகுதி நிரம்பியதும் சில மாடல்கள் ஹார்டு டிஸ்க்கைவிட மெதுவாகிவிடும்!

கையில் இருப்பது பழைய மெஷினா? ப்ராக்சி போடுங்கள். ஃபுட்டேஜுக்கு எடை குறைந்த நகல் எடுத்து, அதில் வெட்டி ஒட்டி, எக்ஸ்போர்ட்டின்போது ஒரிஜினலுக்கு மாறிக்கொள்வது. ராத்திரி ஓடவிட்டால் காலையில் தயார், செலவில்லை. பழையதை வைத்தே பெரிய வேலையும் நடக்கும். நான்கு ஆஸ்கர் வாங்கிய கொரியப் படம் 'பாரசைட்' எதில் தொகுக்கப்பட்டது தெரியுமா? ஃபைனல் கட் ப்ரோ 7-இல்! ஆப்பிள் 2011-லேயே கைவிட்ட மென்பொருள். படம் வந்ததோ 2019. எடிட்டிங்குக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது! டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே இன்று 4கே வரை எக்ஸ்போர்ட் செய்யும். ஆனால் அது எல்லாக் கேமரா ஃபைலையும் ஏற்காது, அதையும் முதலிலேயே சோதித்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவில் எடுத்த கிளிப் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முதலில் அதை மெஷினின் எஸ்எஸ்டியில் காப்பி போட வேண்டும். பென்டிரைவ் மெதுவானதாக இருந்தால், நேரே அதிலிருந்து ஓட்டும்போது நல்ல மெஷினும் திக்கலாம்!