தறி வீட்டுக் குழந்தைகள்

காட்பாடியிலிருந்து விழுப்புரம் செல்லும் ரெயில் பாதையில் "ஆரணி ரோடு" என்றொரு ஸ்டேஷன் உண்டு. ஆரணிக்குப் போகவேண்டிய புதிய மனிதர்கள் அங்கே இறங்கி, ஊர் எங்கே என்று நாற்புறமும் பார்த்து விழிப்பது வழக்கம். ஸ்டேஷன் இருப்பது களம்பூரில். ஆரணிக்கு இன்னும் சில மைல் தூரம் போகவேண்டும். இடம் களம்பூருடையது, பெயர் ஆரணியுடையது. பட்டு விஷயமும் ஏறக்குறைய இப்படித்தான். "ஆரணிப் பட்டு" என்று கடைகளில் மடித்து வைத்திருக்கும் சேலைகளில் பல, ஆரணி நகரத்தில் நெய்தவை அல்ல. தேவிகாபுரம் முதலிய சுற்றுப்புறத்து ஊர்களில், ஓட்டு வீடுகளிலும் சிறு காரை வீடுகளிலும், குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிறார்கள். உழைப்பு ஓரிடத்தில், பெயர் வேறிடத்தில் என்னும் இந்த ஏற்பாடு ஊரோடு நிற்காமல் வீட்டிற்குள்ளும் நுழைந்திருக்கிறது. அதைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

களம்பூர் என்றால் ஜனங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அரிசி. நெல் மண்டிகளும் ஆலைகளும் அவ்வூருக்குத் தனிக் கீர்த்தியைத் தந்திருக்கின்றன. அரிசிக்கும் பட்டிற்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் விடியற்காலையில் நெசவாளர் தெருவிற்குப் போய்ப் பார்க்கவேண்டும். தெருவின் நீளத்திற்குப் பாவை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, இழை ஒன்றோடொன்று ஒட்டாதபடி பிரித்து, இளவெயிலில் உலர்த்துகிறார்கள். வீட்டில் சோற்றுக்குப் போன அரிசியின் பங்காளி நூலுக்கு வலுவாகிறது. வெயில் ஏறுவதற்குள் வேலை முடியவேண்டுமாதலால் குடும்பத்தினர் அனைவரும் கைகொடுக்கிறார்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இது நடவாது. தறிக்குழியிலும் ஈரம் ஊறிவிடும். அந்த நாட்களில் வருமானமும் உலராது.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் ஒரு காலைப் பொழுது முழுவதும் நாம் உட்கார்ந்திருந்தோம். வீட்டின் நல்ல இடத்தைத் தறி பிடித்துக்கொண்டிருக்கிறது. மனிதர்கள் மிச்சமுள்ள இடத்தில் வாழ்கிறார்கள். உத்தரத்திலிருந்து தொங்கும் தூளி, தாயின் பழைய நூற்சேலை. அதற்குள் கிடக்கும் கைக்குழந்தைக்கு, மிதியின் ஓசையும் நாடா ஓடும் ஓசையும் தாலாட்டு. ஓசை நின்றால் விழித்துக்கொள்கிறது! இடுப்புத் துணி தகப்பனாரின் கிழிந்த வேட்டி. அது துவைத்துத் துவைத்து மெலிந்தபின் அடுப்பங்கரைப் பிடிதுணியாகும். அதன்பின் தறியைத் துடைக்கும் கந்தலாகும். அறுந்த பட்டு இழையைக்கூடக் குப்பையில் போடுவதில்லை. சேர்த்து வைத்து விற்கிறார்கள். பாட்டி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே, நான்கு வயதுப் பேத்திக்கு ஒன்று இரண்டு சொல்லிக் கொடுக்கிறாள். தறியை ஓட்ட மின்சாரம் வேண்டாம். தகப்பனாருக்கு வேலைக்குப் போக வண்டியும் வேண்டாம். குழந்தை அழுதால் பத்தடி தூரத்தில் தாயும் இருக்கிறாள், தந்தையும் இருக்கிறான்.

இப்பொழுது பட்டணங்களில் படித்த குடும்பங்கள் இத்தகைய வாழ்வைத் தேடிப் புறப்பட்டிருக்கின்றன. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் வீட்டிற்குள் அடைபட்ட உத்தியோகஸ்தர்கள், வீட்டிலிருந்தே பிழைப்பு நடத்தலாம் என்பதையும், தம் குழந்தைகளின் முகத்தைப் பகலிலும் பார்க்கலாம் என்பதையும் ஒருங்கே கண்டுகொண்டார்கள். மாடியில் கீரை வளர்க்கிறார்கள். மூங்கில் பல்துலக்கி வாங்குகிறார்கள். நல்ல காரியமே, பரிகசிப்பது நமது நோக்கமன்று. சர்க்காரும் தன்னாலானதைச் செய்திருக்கிறது. ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்கள் 14 வகைகளுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் மஞ்சள் பைக்குப் புனர்ஜன்மம் அளித்தார்கள். அந்தத் தடைப் பட்டியலில் டயப்பர் இல்லை என்பதை மட்டும் இளந்தாய்மார்களுக்கு நினைவூட்டி அப்பால் செல்கிறோம். நாம் பார்த்த தறி வீட்டில் "சுற்றுச்சூழல்" என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. அங்கு சிக்கனம் கொள்கையாக வந்ததன்று. வேறு வழியில்லாமல் வந்தது. இந்த வேற்றுமையை மறந்துவிட்டு அவர்களை ஆதர்சம் என்று தூக்கி நிறுத்துவது, பட்டினி கிடப்பவனை விரதம் இருப்பவனென்று கொண்டாடுவதற்கு ஒப்பாகும்.

இதற்குத் தக்க துணையாக ஒரு பெரியாரை அழைக்கலாம். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்து, லண்டனில் கணக்காளர் தொழில் கற்று, காந்தியடிகளிடம் வந்து சேர்ந்தவர் ஜே. ஸி. குமரப்பா. 1934-இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்தியவர். சிறையிலிருந்த காலத்தில் அவர் எழுதி 1945-இல் வெளிவந்த நிலைபேறுடைய பொருளாதாரத்தைப் பற்றிய நூலில், ஜீவராசிகள் பிழைக்கும் முறைகளைப் படிப்படியாக வகுத்திருக்கிறார். பிறிதொன்றை உறிஞ்சி வாழ்வது கீழ்ப்படி. உழைத்து உண்பதும், கூட்டமாய் உழைத்துப் பகிர்வதும் அதற்கு மேலே. எல்லாவற்றிற்கும் உச்சியில், கைம்மாறு கருதாமல் குஞ்சைக் காக்கும் தாயின் முறையை வைத்தார். கணக்கர் ஒருவர் கணக்கு எழுதாத உழைப்பைத் தலைமேல் வைத்தது வியப்பே. ஆனால் அவர் கொடுத்த அளவுகோலைக் கொண்டே நாம் ஒரு கேள்வி கேட்கவேண்டியிருக்கிறது. தாய் குஞ்சுக்கு ஊட்டும் வீடு உயர்ந்த வீடு. குஞ்சின் உழைப்பிலிருந்து தாய்க்கும் ஊட்டும்படி நேர்ந்த வீட்டை எந்தப் படியில் வைப்பது?

கேள்வி கற்பனையன்று. பட்டில் கோர்வை என்றொரு வேலை உண்டு. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாய் இருந்து, இரண்டும் இழைக்கு இழை பூட்டிக்கொள்ளும்படி நெய்வது அது. அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவருக்கு இருப்பவை இரண்டு கைகளே. ஆதலால் ஒரு பக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்காரவேண்டும். அந்த இரண்டாவது ஆசனத்தில் காஞ்சீபுரத்திலும் இப்பிரதேசத்திலும் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் குழந்தை. தன் வீட்டுக் குழந்தையாயின் கூலியில்லை. பிறர் வீட்டுக் குழந்தையாயின் பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு அது ஈடு. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. எனினும், இந்தியப் பட்டுத் தொழிலில் குழந்தைகள் கடனுக்குப் பிணையாக உழைப்பதைக் குறித்து மனித உரிமைக் கண்காணிப்பு ஸ்தாபனம் ஓர் அறிக்கையை 2003-இல் வெளியிட நேர்ந்தது. அதில் காஞ்சீபுரமும் இடம் பெற்றது. முகூர்த்தப் புடைவையின் கரையில் மணப்பெண் தடவிப் பார்த்து மகிழ்ந்த கோர்வை, பள்ளிக்கூடம் பார்க்காத விரல்களால் ஆனதாக இருந்திருக்கலாம்.

வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்குச் சட்டத்தின் ஓட்டைகள் கண்ணில் படாமற் போவதில்லை. 1986-ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தின் உதவியோடு நடத்தும் பட்டறைக்கு விலக்கு அளித்தது. தறி பெரும்பாலும் வீட்டிற்குள்தான் இருக்கிறது என்பதால், அந்த ஒரு விலக்கு தொழில் முழுவதையும் விழுங்கப் போதுமானதாயிற்று. 2016-இல் சட்டத்தைத் திருத்தி, 14 வயதிற்குட்பட்ட குழந்தைகளை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாதென்றார்கள். அதே மூச்சில், பள்ளி விட்ட பின்பும் விடுமுறையிலும் அபாயமற்ற குடும்பத் தொழிலில் "உதவி" செய்யலாமென்றும் எழுதினார்கள். குடும்பம் என்பதற்குத் தாய் தந்தை, உடன்பிறந்தார் மட்டுமின்றி, பெற்றோரின் உடன்பிறந்தார் வரையில் பொருள் விரித்திருக்கிறது சட்டம். மாலை ஆறு மணிக்கு எந்த இன்ஸ்பெக்டர் எந்த வீட்டுக் குழியில் எட்டிப் பார்த்து, உட்கார்ந்திருப்பது மருமகனா அயலானா, நடப்பது உதவியா ஊழியமா என்று நிச்சயிக்கப் போகிறார்?

"தகப்பன் தொழிலைப் பிள்ளை வீட்டில் கற்றால் என்ன குற்றம்?" என்று கேட்பவர்கள் நமது நண்பர்களிலும் உண்டு. காந்தியடிகளின் ஆதாரக் கல்வியையே அவர்கள் சாட்சிக்கு அழைப்பார்கள். 1937-இல் வர்தாவில் உருவான அத்திட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு கைத்தொழிலின் மூலம் கல்வி பெறவேண்டும். யார் வீட்டுப் பிள்ளை என்ற பேச்சில்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டமோ, கிராமத்துப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரோடு தொழில் பழகட்டும் என்றது. பள்ளிகள் போதவில்லை என்ற நிர்ப்பந்தம் அவருக்கு இருந்தது மெய்யே. ஆயினும் வீட்டில் பழகும் தொழில் பிறப்பினால் வாய்த்த தொழிலேயாகும் என்பதை நாடு உடனே கண்டுகொண்டு, "குலக்கல்வி" என்று அதற்குப் பெயரிட்டது. 1954-இல் காமராஜர் பதவியேற்றதும் திட்டம் ரத்தாயிற்று. அம்முடிவு சரியென்பதே நமது அபிப்பிராயம். வக்கீலின் மகன் நாடா தள்ளப் பழகும் நாளில், நெசவாளியின் மகன் நாடா தள்ளுவதைக் கல்வியென்று நாமும் ஒப்புக்கொள்வோம்.

குழந்தையைக் குழியிலிருந்து எழுப்பியதில் சட்டத்தைவிடச் சோற்றிற்கே அதிகப் பங்கு உண்டென்று தோன்றுகிறது. காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம். ஜி. ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022 செப்டம்பரில் தொடங்கி மறுவருஷம் அரசாங்கத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் பரவிய காலை உணவு ஆகியவை நெசவாளர் வீட்டிற்கு எவ்வளவு பொருத்தமானவை என்பதைப் பாவு நீட்டும் விடியற்காலையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். தாய் கஞ்சித் தொட்டியருகில் நிற்கும் நேரத்தில் பிள்ளைக்குப் பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ காத்திருக்கிறது. நாம் சென்ற வீட்டுப் பையன் எட்டரை மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு, தறியைத் திரும்பியும் பாராமல் ஓடினான். அதில் நமக்கு வருத்தமில்லை.

ஆனால் இரண்டாவது ஆசனம் காலியாயிற்றே! அதில் இப்போது மனைவியோ பாட்டியோ உட்காருகிறாள். 2019-20-ஆம் வருஷத்துக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் சுமார் 35 லட்சம் பேர் ஈடுபட்டிருக்கிறார்கள். நெசவாளரில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். ஏறக்குறைய மூன்றில் இருபங்கு நெசவுக் குடும்பங்களின் மாத வருமானம் ரூ. 5,000-க்குக் குறைவு. நாம் பார்த்த வீட்டின் கூலிப் புத்தகத்தில் ஒரே பெயர்தான் எழுதியிருந்தது. வேலைப்பாட்டிற்கேற்பப் பத்து நாளோ பதினைந்து நாளோ இரண்டு பேர் உட்கார்ந்து நெய்து, மூன்றாமவர் தார் சுற்றிக் கொடுத்து முடித்த சேலைக்கு, ஓர் ஆளின் பெயரில் ஒரு கூலி. குழந்தையின் உழைப்பைச் சூனியமாகக் கணித்த காலத்தில் அமைந்த கணக்கு, குழந்தை எழுந்து போன பின்னும் மாறவில்லை. சங்கமாயினும் தனி முதலாளியாயினும், கோர்வைச் சேலைக்குக் கூலி நிர்ணயிக்கும்போது இரண்டாவது ஆளுக்கென்று தனிப் பத்தி போட்டு, அவர் பெயரையும் எழுதி, தொகையை அவர் கையிலேயே கொடுக்கவேண்டும். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி வைத்த 1985-ஆம் வருஷத்துச் சட்டத்தைச் சரிவர அமுல் நடத்தி, விசைத்தறிச் சரக்கு கைத்தறி வேஷத்தில் விலை போவதைத் தடுத்தால், இதற்கு வேண்டிய பணம் விலையிலேயே கிடைக்கும்.

சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிடில் இத்தொழிலுக்கு நற்சாட்சிப் பத்திரம் வாசித்தவர்களாவோம். மின்சாரம் வேண்டாத தறிக்கும் நிறம் வேண்டும். பச்சைப் பட்டைச் சோப்பும் சோடாவும் இட்டுக் கொதிக்க வைத்தால் எடையில் நாலில் ஒரு பங்கு வரை பசை கழியும், அதன்பின் சாயத்தொட்டி. இரண்டு நீரும் எங்கோ போயாக வேண்டும். நொய்யலாற்றில் திருப்பூர்ச் சாயநீர் கலந்து, 2011 ஜனவரியில் சென்னை ஹைக்கோர்ட்டு பட்டறைகளை மூடச் சொல்லும் வரையில் வந்ததை மறக்கலாகாது. ஆரணியைத் தொட்டுச் செல்லும் கமண்டல நாகநதி நொய்யலைவிடச் சிறிய ஆறு.

வங்காளத்தில் 1905 ஆகஸ்டு 7-ஆம் தேதி சுதேசியப் பிரகடனம் செய்த நாளை, 2015 முதல் தேசீயக் கைத்தறி தினமாகக் கொண்டாடுகிறோம். அன்று மாலை போடுவார்கள், படம் பிடிப்பார்கள். கூலிப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பவர்கள் சிலரே.

புறப்படும்போது பாட்டியின் வயதைக் கேட்டோம், அறுபத்தெட்டு என்றார்கள். பையன் பள்ளியில் சேர்ந்த நாள் முதல் கரை நாடா அவள் கையில்தான் இருக்கிறதாம். "அம்மாவுக்குக் கண் மங்கினால் யார் உட்காருவார்கள்?" என்று வினவினோம். தறிக்காரர் சிறிது நேரம் மிதியை மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "இந்தப் பாவில் இன்னும் ஒரு சேலை இருக்கிறதுங்க. அடுத்த பாவு வாங்குவதா வேண்டாமா என்று யோசனைதான்" என்றார்.