பார்க்கப்பட்டவர்கள் பார்க்கப் போனார்கள்

1847-ல் ரிச்சர்ட் பர்ட்டன் ஊட்டிக்கு வந்தது உடம்பு தேற. பம்பாய்ப் படையில் லெப்டினன்ட். சிந்துவில் நோயில் விழுந்து நீண்ட விடுப்பில் இருந்தவர். கோவா, கள்ளிக்கோட்டை வழியாக மலையேறியவருக்கு இங்கே வந்து சேர்ந்ததோ கண்நோய். மழையையும் குளிரையும் வைது அவர் எழுதிய பயணநூல் 1851-ல் வெளிவந்தது. அதில் தோடர், படகர், கோத்தர் எல்லோரும் வேடிக்கைப் பொருள்களாக வருகிறார்கள். அவருக்குப் பின்னால் எட்கர் தர்ஸ்டன் வந்தார். 1885 முதல் சென்னை அருங்காட்சியகத்தை நடத்தியவர், நீலகிரி மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து ஏட்டில் ஏற்றினார்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சுற்றுலா என்றால் இதுதான். அவர்கள் வந்தார்கள், நீலகிரியில் ஜெகதளா மாதிரியான ஊர்களில் இருந்தவர்கள் பார்க்கப்பட்டார்கள். நம் பக்கத்து மூத்தவர்களுக்குப் பயணம் என்பது உருளைக்கிழங்கு மூட்டையோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி ஏறுவதோடு முடிந்தது.

பின்னாளில் ஆசை வந்தபோதும் கையைக் கட்டிப்போட்டது அந்நியச் செலாவணி. 1970-களில் வெளிநாடு கிளம்புகிறவர் சாதாரணமாக எடுத்துப்போக முடிந்தது எட்டு டாலர். அதற்கு மேல் வேண்டுமென்றால் ரிசர்வ் வங்கியின் அனுமதிக்கு அலைய வேண்டும். போய் இறங்கும் ஊரில் சொந்தக்காரர் இல்லாதவர் கிளம்புவதே கஷ்டம். இன்று ஒருவர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். பச்சைத் தேயிலை விலையை நம்பி வாழ்கிற எங்களுக்கு அவ்வளவு எங்கே! சீட்டு கட்டி, ஓய்வூதியப் பணத்தை ஒதுக்கி, அருவங்காடு தொழிற்சாலையில் ரிட்டயரானவர்களும் சிறு விவசாயிகளுமாகச் சேர்ந்து சுவிட்சர்லாந்து போனோம்.

முதல் சிக்கல் விசா மையத்திலேயே. எங்களோடு கிளம்பிய என் பெரியம்மாவின் ரேகை இயந்திரத்தில் விழவில்லை. வருஷக்கணக்காகக் கொழுந்து பறித்த விரல்கள். நுனி வழவழவென்று தேய்ந்திருந்தது, கறை தோலின் வெடிப்புகளில் ஊறிப்போயிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, அழுத்தி, மறுபடி துடைத்து அழுத்தினாள். பெரியம்மா முகம் சுருங்கிவிட்டது. "பாட்டி, உங்க கை நிறைய வேலை பாத்திருக்கு" என்று அவள் சொன்ன பிறகுதான் சிரித்தார். ஒரு வழியாகப் பதிவாயிற்று. உழைத்த கையை ஒரு இயந்திரம் அடையாளம் காண மறுப்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வழியில் நெய்ப் பாட்டில் போயிற்று. நம் நாட்டிலிருந்து சுவிட்சர்லாந்துக்குப் பால்பொருள் கொண்டுபோகத் தடை. அவரைக்குழம்புப் பொடி தப்பித்தது.

நான் காத்திருந்தது பிரியன்ஸ் ஊருக்காக. அங்கிருந்து ரோட்ஹார்ன் மலைக்கு, 1892-ல் திறந்த பாதையில், நீராவி ரயில் ஏறுகிறது. எங்களோடு வந்தவர்களில் ஒருவர் குன்னூர் லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர். வண்டியைக் கண்டதும் தண்டவாளத்தின் நடுவே இருந்த பல்சட்டத்தைக் குனிந்து பார்த்து, "நம்ம ஆப்ட்!" என்று கத்தினார். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை அது. இரண்டு பல்சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் இடைவெளி. எஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியும் பிடிப்பை விடுவதில்லை. கல்லாறு முதல் குன்னூர் வரை நம் நீலகிரி மலை ரயிலைத் தாங்குவதும் இதுவே. எங்கள் எக்ஸ் கிளாஸ் எஞ்சின்கள் வந்ததும் இந்த வண்டியின் எஞ்சின்களைச் செய்த அதே வின்டர்தூர் தொழிற்சாலையிலிருந்துதான். அவர் செல்போனில் குன்னூர் எஞ்சின் படத்தைக் காட்டியதும் டிரைவர் கையைப் பிடித்து மேலே ஏற்றிக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. வால்வையும் கைப்பிடியையும் தொட்டுத் தொட்டே பேசி முடித்தார்கள். திருச்சி பொன்மலைப் பணிமனையில் இப்போது அந்த எஞ்சின்களை நாமே புதிதாகச் செய்கிறோம் என்பதையும் சைகையில் சொல்லிவிட்டாராம்!

உச்சி நிலையம் 2,244 மீட்டர். எங்கள் தொட்டபெட்டா 2,637. உயரத்தில் நாம்தான் மேல், ஆனால் பனி அங்கே. காரணம் அந்த ஊர் வடக்கே 47-வது அட்சரேகையை ஒட்டி இருக்கிறது, நாம் 11-ல். மேலே போனால் மேகமூட்டம், ஒரு முழம் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. அத்தனை பணம் கொடுத்தும் வீணாயிற்றே என்று வழிகாட்டி அடுத்த வண்டிக்கு அவசரப்படுத்தினார். யாரும் அசையவில்லை. மூடுபனியோடு வாழ்கிறவர்களுக்கு அதன் போக்கு தெரியும். காற்று திரும்பிவிட்டது, விலகும் என்றார் பெரியம்மா. விலகியது. கீழே பச்சையும் நீலமும் கலந்த ஏரி முழுதாகத் தெரிந்தது. ஆனால் அவர் அதிக நேரம் பார்த்தது ஏரியை இல்லை. நிற்கவே முடியாத சரிவில் புல் அறுத்துக்கொண்டிருந்தவர்களையும், சரிவில் ஒரு துண்டு மண்கூடச் சரியாமல் வைத்திருந்த விதத்தையும்தான்.

ஊர் திரும்பிய பிறகு பேச்சு ஏரியைப் பற்றியோ சாக்லேட்டைப் பற்றியோ வளரவில்லை, கார்களைப் பற்றித்தான் வளர்ந்தது. வெங்கன், முரென் என்ற மலையூர்களுக்குச் சுற்றுலாப் பயணிகளின் கார் போகாது. எவ்வளவு பெரிய ஆளும் கீழே நிறுத்திவிட்டு ரயிலிலோ ரோப் காரிலோதான் ஏற வேண்டும். அங்கே யாரும் அதைக் குறை சொல்லி நாங்கள் கேட்கவில்லை. இங்கே சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, நீலகிரிக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடை சீசனில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் கோபப்படுவது நியாயம்தான், அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. ஆனாலும் மே மாதம் குன்னூர் சாலையில் நோயாளியோடு மாட்டிக்கொண்டவர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும். பாஸ் கொடுத்து எண்ணுவது மட்டும் போதாது. மேட்டுப்பாளையத்திலேயே கார்களை நிறுத்த இடம் வேண்டும், அங்கிருந்து மேலே ஏறத் தடையில்லாமல் பஸ் வேண்டும், வழக்கமாக அங்கிருந்து நாளுக்கு ஒன்றாக ஓடும் மலை ரயிலோடு இன்னும் சில வண்டிகள் வேண்டும். ஊர்க்கூட்டத்தில் இதைச் சொன்னவர் பெரியம்மா. இவற்றைக் கேட்டு எழுதிய மனுவில் முதல் கையெழுத்தும் அவருடையதே.