ரிப்போர்ட் வரும்வரை: பயாப்ஸி முடிவுக்குக் காத்திருக்கும் வீடுகளுக்கு




நமது மருத்துவ உதவிப் பிரிவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஆபரேஷன் செலவுக்கோ மருந்துச் செலவுக்கோ உதவி கேட்டு வருவார்கள். அன்று வந்த சகோதரி பணம் எதுவும் கேட்கவில்லை. கையில் ஒரு ஸ்கேன் கவர். "உம்மாவுக்கு மார்புல கட்டி. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க. ரிப்போர்ட் வர எட்டு நாள் ஆகுமாம். உம்மாகிட்ட கட்டியில நீர் கோத்திருக்கு, அதை எடுத்தாங்கன்னு சொல்லி வச்சிருக்கோம். இந்த எட்டு நாளை எப்படி ஓட்டுறதுன்னு தெரியல" என்றார்.

உம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. இந்த எட்டு நாட்களைப் பற்றி எந்த மருத்துவமனையிலும் உட்கார வைத்து யாரும் விளக்குவதில்லை. அந்த வீட்டுக்குச் சொன்னதை எல்லா வீடுகளுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

ஏன் இத்தனை நாள் ஆகிறது?

இரத்தப் பரிசோதனை முடிவு மாலைக்குள் வந்துவிடுகிறது, இதற்கு மட்டும் ஏன் ஒரு வாரம் என்று பலரும் கேட்கிறார்கள். பயாப்ஸியில் ஊசி வழியாக எடுப்பது நூல் போன்ற சிறு சதைத் துண்டுகள். அவை கெட்டுப்போகாமல் இருக்க முதலில் ஃபார்மலின் என்னும் திரவத்தில் பல மணி நேரம் ஊற வேண்டும். பிறகு அவற்றிலுள்ள நீரை நீக்கி, மெழுகில் பதித்து, தலைமுடியை விட மெல்லிய சீவல்களாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் வைத்துச் சாயம் ஏற்றுகிறார்கள். அதன் பின்னரே நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கிறார். சந்தேகம் இருந்தால் இன்னொரு மருத்துவரிடமும் காட்டுவார். இதற்குச் சில நாட்கள் முதல் ஒரு வாரம், சில இடங்களில் பத்து நாட்களுக்கு மேலும் ஆகும்.

முதல் ரிப்போர்ட்டுக்குப் பின் "இன்னொரு டெஸ்ட் போட்டிருக்கிறோம், கூடுதலாகச் சில நாள் ஆகும்" என்று சொல்வதும் உண்டு. ஐ.எச்.சி. என்று அதைச் சொல்வார்கள். புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, அது எந்த வகை, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அறிய அந்தச் சோதனை செய்யப்படுகிறது. சில சமயம் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளவும் செய்வார்கள். ஆகவே நாள் தள்ளிப்போவதை மட்டும் வைத்து நல்லது, கெட்டது என்று நாமாக முடிவு கட்ட வேண்டாம். லேபில் கூட்டம், இடையில் வந்த விடுமுறை என்பதாகவும் இருக்கலாம்.

அடிக்கடி கேட்கப்படும் மூன்று கேள்விகள்

பயாப்ஸி எடுக்கச் சொன்னாலே புற்றுநோய்தானா? இல்லை. நீர்க்கட்டி, நார்க்கட்டி, எப்போதோ அடிபட்ட இடத்தில் கொழுப்பு இறுகிப்போனது எனப் பல காரணங்களால் கட்டி வரும். ஸ்கேனில் மட்டும் அவற்றைப் பிரித்தறிய முடியாதபோதுதான் சதையை எடுத்துப் பார்க்கிறார்கள். அதே சமயம், வயது கூடக் கூட மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு புதிதாக ஒரு கட்டி தென்பட்டால், வலி இல்லை என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது. புற்றுநோய்க் கட்டிகள் பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிப்பதில்லை.

ஊசி பட்டால் நோய் பரவிவிடுமா? நம் வீடுகளில் ஆழமாக ஊன்றிப்போன பயம் இது. பயாப்ஸி ஊசியால் நோய் முற்றிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தச் சோதனை செய்யாமல் சரியான சிகிச்சையைத் தீர்மானிக்கவும் முடியாது. ஊசிக்குப் பயந்து மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களே நோய் முற்றிய நிலையில் வருகிறார்கள்.

காத்திருக்கும் நாட்களில் நோய் வளர்ந்துவிடாதா? மார்பகக் கட்டி கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வளர பொதுவாக ஆண்டுகள் ஆகின்றன. ஓரிரு வாரக் காத்திருப்பு சிகிச்சையின் பலனைக் கெடுத்துவிடாது. ஆனால் ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகும் "பெருநாள் முடியட்டும்", "பேத்தி கல்யாணம் முடியட்டும்" என்று மாதங்களைத் தள்ளுவது கெடுக்கும்.

உம்மாவிடம் சொல்லலாமா?

அந்தச் சகோதரியின் வீட்டுக்கு நம் பெண் உறுப்பினர்கள் இருவர் சென்றார்கள். மகள் தேநீர் போட உள்ளே போன நேரத்தில் அந்த உம்மா மெதுவாகச் சொன்னார்: "நீர் எடுத்தாங்கன்னு புள்ளைங்க சொல்லுதுங்க. ஊசி சத்தம் எனக்குக் கேக்கலையா? எங்க பெரிய ராத்தாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. நான் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா இதுங்க உடைஞ்சு போயிடும். அதான் சும்மா இருக்கேன்."

பிள்ளைகள் உம்மாவுக்காக நடித்தார்கள். உம்மா பிள்ளைகளுக்காக நடித்தார். ஒரே வீட்டில் எல்லோரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தார்கள். தன் ராத்தாவுக்கும் இதே நோய் வந்தது என்ற செய்தி மருத்துவர் அவசியம் அறிய வேண்டிய ஒன்று. உம்மாவிடம் யாரும் பேசாததால் அது மருத்துவரின் காதுக்குப் போகவே இல்லை.

மறைப்பது பாசத்தால்தான் என்பதை நாங்கள் அறிவோம். ஆனால் உடல் அவருடையது. என்ன சோதனை, எதற்காக என்று அறியும் உரிமை அவருக்கு உண்டு. அவர் நல்ல நினைவோடு இருக்கும்போது சம்மதப் படிவத்தில் மகன் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைப்பது சரியல்ல. மேலும், அமானிதம், கடன், வஸிய்யத் என்று வயதானவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டியவை இருக்கும். உண்மையை மறைப்பதால் அதற்கான நேரத்தையும் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவரிடமே கேளுங்கள்: "உம்மா, கட்டி என்னன்னு பார்க்கச் சதை எடுத்து அனுப்பியிருக்காங்க. முடிவு வந்ததும் டாக்டர் உங்ககிட்டயே சொல்லட்டுமா, நாங்க கேட்டு வந்து சொல்லட்டுமா?" சிலர் "எல்லாம் எனக்குத் தெரியணும்" என்பார்கள். சிலர் "நீங்களே பார்த்துக்கங்க, செய்ய வேண்டியதை மட்டும் எனக்குச் சொல்லுங்க" என்பார்கள். இரண்டும் சரிதான். முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

வீட்டில் வாப்பா இருந்தால் அவரையும் மறந்துவிடாதீர்கள். அவர் எதுவும் பேச மாட்டார். பள்ளிவாசலில் வழக்கத்தை விட அதிக நேரம் உட்கார்ந்திருப்பார். அவரிடமும் விவரம் சொல்லி, ஒரு வேலையைக் கொடுங்கள். மருந்து வாங்கி வருவதாக இருந்தாலும் போதும்.

அழுதால் பொறுமை இல்லை என்று பொருளா?

கண் கலங்கினால் "ஸப்ர் செய்யுங்க, ஈமான் எங்கே போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். சொல்பவருக்கு அது எளிது. யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தில் பார்வை மங்கும் அளவுக்கு அழுதார்கள். அவர்களைப் பொறுமையாளர் என்றே நாம் போற்றுகிறோம். ஐயூப் நபி (அலை) அவர்கள் தம் வேதனையை இறைவனிடம் முறையிட்டார்கள். பயப்படுவதும் அழுவதும் மனித இயல்பு. அல்லாஹ்விடம் மனம் விட்டுக் கேட்பதும், மருத்துவரிடம் போவதும், முடிவை அவனிடம் ஒப்படைப்பதும் சேர்ந்ததுதான் தவக்குல்.

"யார் கண்ணு பட்டுச்சோ", "என்ன பாவம் செஞ்சாளோ" என்ற பேச்சுகளை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். நோய் தண்டனை என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

இந்த நாட்களில் செய்ய வேண்டியவை

ஊசி போட்ட இடம் சில நாட்கள் கன்றிப்போய் நீலமாக இருக்கும், லேசாக வலிக்கும். இது சகஜம். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடமும், மருத்துவர் சொன்ன வலி மாத்திரையும் போதும். வீக்கம் பெருகிக்கொண்டே போனாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கட்டியின் மேல் பத்துப் போடுவது, எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது எதுவும் வேண்டாம்.

இதய நோய்க்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பயாப்ஸிக்காக அதைச் சில நாட்கள் நிறுத்தியிருக்கலாம். அப்படியானால் மீண்டும் எந்த நாளில் தொடங்குவது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கவலையில் இதை மறந்துவிடும் வீடுகள் உண்டு. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளையும் வேளை தவறாமல் கொடுங்கள். மனக்கவலையில் சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

தூக்கம் வராது என்பது உண்மை. அதற்காகப் பக்கத்து வீட்டில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். இரவில் எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறியும் வயது இது. விழித்துக்கொண்டால் தஹஜ்ஜுத் தொழலாம், திக்ர் செய்யலாம். யாராவது ஒருவர் அதே அறையில் படுத்துக்கொண்டாலே பாதி பயம் போய்விடும். கையை ஊன்றிக் குனிய முடியாவிட்டால் உட்கார்ந்து தொழலாம். உளூவில் கழுவும் உறுப்புகளில் மார்பு இல்லை என்பதால் கட்டு நனையுமோ என்ற கவலை வேண்டாம். குளிப்பு பற்றி மருத்துவரிடமும், சந்தேகமான மஸ்அலாவை ஆலிமிடமும் கேளுங்கள்.

பெண் மருத்துவரோ செவிலியரோ உடன் இருக்க வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள். ஆனால் பெண் மருத்துவர் கிடைக்கவில்லை என்பதற்காகச் சோதனையையே விட்டுவிடாதீர்கள். நிர்ப்பந்தமான நிலையில் ஆண் மருத்துவரிடம் காட்டுவதற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு.

யார் யாரிடம் சொல்வது என்பதையும் உம்மாவே முடிவு செய்யட்டும். சொந்தங்கள் விசாரிக்கும்போது பதில் சொல்ல வீட்டில் ஒருவரை நியமித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியங்களைப் படித்துக் காட்டாதீர்கள். மனம் தாங்க முடியாத அளவுக்குப் போனால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை.

ஆண்கள் இந்த நாட்களில் காகிதங்களைத் தயார் செய்யலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையில் உம்மாவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் அதில் சேரலாம். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றை எடுத்துவையுங்கள். முடிவு நல்லதாக வந்தாலும் அட்டை வீணாகாது.

ரிப்போர்ட் வாங்கும் நாள்

எந்தத் தேதியில் முடிவு வரும், யாருக்குப் போன் செய்வார்கள், வராவிட்டால் யாரைக் கேட்பது என்று முன்பே கேட்டுவையுங்கள். சொன்ன தேதி தாண்டினால் சும்மா இருக்காமல் நேரில் போய்க் கேளுங்கள். "போன் வரலை, அப்ப ஒண்ணுமில்லை" என்று ஒருபோதும் எண்ணாதீர்கள்.

ரிப்போர்ட்டை வாசலில் பிரித்து நாமே படித்துப் பதற வேண்டாம். முக்கியமாக ஒன்று: அதில் "கிரேடு 3" என்று இருந்தால் மூன்றாம் கட்டம் என்று பொருள் அல்ல. கிரேடு என்பது நுண்ணோக்கியில் செல்கள் எப்படித் தெரிகின்றன என்பதைக் குறிப்பது. நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைச் சொல்வது ஸ்டேஜ். அது மற்றச் சோதனைகளும் முடிந்த பிறகே தெரியும்.

மருத்துவரைப் பார்க்க இருவராகப் போங்கள். ஒருவர் கேட்கட்டும், ஒருவர் எழுதட்டும். புற்றுநோய் இல்லை என்றால், மறுபடி எப்போது வந்து காட்ட வேண்டும் என்று கேளுங்கள். புற்றுநோய் என்றால், என்ன வகை, அடுத்த சோதனை என்ன, இந்த வயதுக்கும் உடல் நிலைக்கும் ஏற்ற சிகிச்சை எது என்று கேளுங்கள். "இந்த வயசுல எதுக்கு வைத்தியம்" என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். வயதானவர்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயில் பல, ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளுக்கு நன்றாகவே கட்டுப்படுகின்றன. சிகிச்சை எங்கே நடந்தாலும் ரிப்போர்ட்டை மட்டுமன்றி, கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் லேபில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.

அந்த உம்மாவின் வீட்டில், நம் உறுப்பினர்கள் போய் வந்த அன்று இரவே மகள் பேசிவிட்டார். இருவரும் சேர்ந்து அழுதார்களாம். மறுநாள் உம்மா தன் ராத்தாவுக்கு எந்த வயதில் வந்தது, என்ன சிகிச்சை நடந்தது என்று எல்லாவற்றையும் உட்கார்ந்து சொல்ல, பேத்தி நோட்டில் எழுதிக்கொண்டார். ரிப்போர்ட் வாங்கப் போன நாளில் உம்மாவும் கூடப் போனார். முடிவு என்ன என்பது அந்தக் குடும்பத்தின் அமானிதம். அதை இங்கே எழுதவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு காத்திருப்பு இருந்தால், மருத்துவமனைக்குத் துணை வரவோ, காப்பீட்டுப் படிவம் நிரப்பவோ, வெறுமனே உடன் உட்காரவோ நம் மகளிர் குழுவினர் வருவார்கள். ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் சொல்லி அனுப்பினால் போதும்.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் முழுமையான ஷிஃபாவையும், காத்திருக்கும் உள்ளங்களுக்கு அமைதியையும் தந்தருள்வானாக. ஆமீன்.