சர்க்கரையும் சிறுநீரகமும் – 9: எடை மிஷின் சொல்லும் ஜாதகம்

டயாலிசிஸில் இருக்கும் சர்க்கரை நோயாளிகளில் நிறையப் பேரின் உயிரைப் பறிப்பது சிறுநீரகம் அல்ல, இதயம். இதைச் சென்ற வாரம் பார்த்தோம். அப்படியானால் யாருடைய இதயம் ஆபத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே கணிக்க முடியாதா?

கணிப்பதற்கு ஒரு சூத்திரம் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948-இல் தொடங்கிய ஆய்வு தந்த சூத்திரம் அது. வயது, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம், சர்க்கரை ஆகியவற்றைப் போட்டால் பத்து ஆண்டுகளுக்குள் இதயநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்லும். நடமாடிக்கொண்டிருப்பவர்களுக்குச் சரி. டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருப்பவரிடம் இந்தக் கணக்கு பல்லிளித்துவிடுகிறது. அங்கே ரத்தக் கொழுப்பு குறைவாக இருப்பவர்களே அதிகம் இறக்கிறார்கள். சாப்பாடு இறங்காமல் உடம்பு உருகிப்போனதையும், உள்ளே ஓயாத அழற்சி இருப்பதையும்தான் பல நேரம் அந்தக் குறைந்த அளவு காட்டுகிறது.

கொழுப்பைக் குறைத்தால் இவர்கள் பிழைப்பார்களா என்று ஜெர்மனியில் பரிசோதித்துப் பார்த்தார்கள். '4டி' என்று பெயர்பெற்ற அந்த ஆய்வில் இருந்த 1,255 பேரும் சர்க்கரையோடு டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள். பாதிப் பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. கெட்ட கொழுப்பு நாலே வாரத்தில் 42 சதவீதம் இறங்கியது. ஆனால் 2005-இல் முடிவு வந்தபோது, மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றையும் சேர்த்துப் பார்த்ததில் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. 2009-இல் 2,776 டயாலிசிஸ் நோயாளிகளை வைத்து வெளிவந்த 'அரோரா' ஆய்வும் அதையேதான் சொன்னது. (முன்பிருந்தே அந்த மாத்திரை சாப்பிட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம். டயாலிசிஸில் புதிதாகத் தொடங்குவதில்தான் பலன் தெரியவில்லை.)

4டி ஆய்வில் இறந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வந்தது திடீர்ச் சாவு. அதாவது குழாய் அடைப்பு மட்டும் அல்ல சங்கதி. வருஷக்கணக்கில் கூடுதல் நீரைத் தள்ளித் தள்ளி இதயத் தசை தடித்திருக்கும். பாஸ்பரஸ் கூடி ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கும். இந்த நிலையில் பொட்டாசியமும் ஏறினால் துடிப்பு தாறுமாறாகிவிடும்.

பசுவந்தனைப் பக்கத்து ஆட்கள் டயாலிசிஸ் என்றால் கோவில்பட்டிக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். யூனிட்டில் செருப்பைக் கழற்றியதும் முதல் வேலை எடை மிஷினில் ஏறுவது. அங்கே ஒரு நாள் காதில் விழுந்த பேச்சு:

"மூணரைக் கிலோ ஏறியிருக்கு அண்ணாச்சி. தண்ணிய அளந்துதான குடிக்கச் சொன்னேன்?"

"தண்ணி தொடலம்மா. வெயிலுக்கு ரெண்டு செம்பு கம்மங்கூழ்தான் குடிச்சேன்."

கூழும் மோரும் ரசமும் தண்ணீர்க் கணக்குதான் என்று அந்த நர்ஸ் மறுபடியும் விளக்கிக்கொண்டிருந்தார். சிறுநீர் நின்றுபோனவருக்கு இரண்டு நாளில் ஏறும் கிலோ அத்தனையும் கிட்டத்தட்ட நீர். ஒரு கிலோ, ஒரு லிட்டர். அதை நாலு மணி நேரத்துக்குள் மிஷின் உறிஞ்சி எடுக்கும்போது பிரஷர் சரிந்து, இதயத் தசைக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. எடை ஏற ஏற உறிஞ்சும் வேகமும் கூடும். வேகம் கூடினால் சாவும் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதைவிட முக்கியமானது நாள் கணக்கு. அமெரிக்காவில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்த 32,065 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் ஒரு கட்டுரை வந்தது. இரண்டு நாள் இடைவெளி முடிகிற நாளில்தான் சாவு கூடுதல்: ஆண்டுக்கு நூறு பேருக்கு 22.1. மற்ற நாட்களில் 18.0. நம் நாட்டில் வாரம் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஏராளம். செவ்வாய், வெள்ளி என்று போகிறவருக்கு வெள்ளிக்குப் பிறகு மூன்று நாள் சும்மா கழிகிறது. அமெரிக்கக்காரனுக்கு இரண்டு நாளே ஆபத்தென்றால் இது என்ன? அரசு மருத்துவமனையிலும் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் செலவு நோயாளி தலையில் விழுவதில்லை. இருந்தும் பஸ்ஸையும் கூடவரும் ஆளின் அன்றைய கூலியையும் நினைத்து ஒரு தடவையைத் தள்ளிப்போடுகிறார்கள். என் கணக்கில், கரிசல் காட்டு டயாலிசிஸ் நோயாளிக்கு முதல் ஆபத்துக் காரணி கொழுப்பு அல்ல, அந்தத் தவறிய நாள்தான்.

நீரை அடக்கு என்று சொல்வது சுலபம். தாகம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்று, உப்பு. நாட்டுக்கே உப்பு அள்ளிக் கொடுக்கும் மாவட்டம் இது. கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் இல்லாமல் இங்கே சோறு இறங்காது. இன்னொன்று, சர்க்கரை. சிறுநீர் போகாதவருக்குக் கூடுதல் சர்க்கரை வெளியேற வழியில்லை. அது ரத்தத்திலேயே தங்கித் தாகத்தைக் கிளப்பும். ஆக, எடை திடீரென்று கூடினால் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். மூன்று மாதச் சராசரி என்று நாம் நம்பும் ஹெச்பிஏ1சி இவர்களுக்கு உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், விரல் நுனிச் சோதனையை விடக்கூடாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் இவர்களுக்கு அதிலுள்ள வெல்லம் ஒரு கேடு, கடலையின் பாஸ்பரஸும் பொட்டாசியமும் இன்னொரு கேடு.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, டயாலிசிஸுக்கு முன் எடை, பின் எடை, நடுவில் பிரஷர் இறங்கியதா, எந்த நாள் தவறியது. இதய டாக்டரிடம் போகும்போது எக்கோ ரிப்போர்ட்டோடு அந்த நோட்டையும் நீட்டுங்கள். நாள்பட்ட சர்க்கரை நரம்புகளை மரக்கடித்திருப்பதால் இவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, காரணமில்லாமல் வேர்த்துக் கொட்டுகிறது, உடம்பு ஓய்ந்து போகிறது என்றால், அடுத்த டயாலிசிஸ் நாள் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

(தொடரும்)